புரை முத்தட்டும் என்று ஏன் சொன்னார்கள்?

உசிலம்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. வலது கண்ணின் பாப்பா வெள்ளையாகவே தெரியும். இடது கண்ணால் ஆள் நடமாட்டம் தெரியும், முகம் தெரியாது. குரலை வைத்துத்தான் யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லும். "ஆஸ்பத்திரிக்குப் போவோம் அப்பத்தா" என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "இன்னும் முத்தலையாம்ப்பா. முத்துனாத்தான் உரிக்க வருமாம்." அதன் அக்காவுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் சொன்ன வார்த்தை அது.

இந்தப் பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது. முதலில் இதைச் சொன்னவர்கள் டாக்டர்கள்தான். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அது சரியான யோசனையாகவும் இருந்தது. காரணம் போய்விட்டது, பேச்சு மட்டும் ஊரில் தங்கிவிட்டது. அந்தக் காரணம் என்ன, அது எப்படிப் போனது என்று தேடிக்கொண்டு போனால் கண் மருத்துவத்தோடு நிற்க முடிவதில்லை. திடப்பொருள், திரவம், இரண்டுக்கும் நடுவே நிற்கிற கூழ், களி, பிசின் எல்லாம் உள்ளுக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று ஆராய்கிற செறிபொருள் இயற்பியலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அப்புறம் பணம், பஸ், வீட்டில் ஆட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் என்கிற விஷயங்களுக்கும் வர வேண்டியிருக்கிறது. இந்த மூன்றுமே மதுரை வட்டாரத்தோடு தொடர்புள்ளவை என்பதால்தான் இதை எழுதவே தோன்றியது.

விளக்குத்தூண் பக்கம் ஒரு டம்ளர் ஜிகர்தண்டா வாங்கி, கலக்காமல் ஒரு நிமிஷம் பாருங்கள். அடியில் ஊறிய பாதாம் பிசின் கிடக்கும், அதற்கு மேல் பால். பிசினை மட்டும் ஸ்பூனில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் இருக்கிற விரல் தெரியும். பாலுக்குள் விட்ட ஸ்பூன் தெரியாது. இரண்டிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் மற்றப் பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பாலில் கொழுப்புத் துளிகளும் கேசின் என்கிற புரத உருண்டைகளும் தனித்தனியாக மிதக்கின்றன. கேசின் உருண்டை ஏறத்தாழ 100 நானோமீட்டருக்கு மேல் இருக்கும், கொழுப்புத் துளி அதைவிடப் பல மடங்கு பெரிசு. நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியின் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நானோமீட்டர். இந்த அளவுக்குக் கிட்டத்தில் துகள்கள் இருந்தால் ஒளி அவற்றில் பட்டு எல்லாத் திசையிலும் சிதறும். அப்படிச் சிதறிய ஒளிதான் வெள்ளை. பிசினில் இருப்பது அதைவிட மிக மெல்லிய இழைகளின் வலை, அதுவும் ஓரளவு சீராகப் பரவியது. ஒளிக்கு அங்கே இடறி விழ ஒன்றும் இல்லை.

கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கிற வில்லை இருக்கிறதே, புரை வந்தால் மங்குவது அதுதான். அது இதில் எந்தப் பக்கம்? குறுக்களவில் 9, 10 மில்லிமீட்டர், தடிமனில் 4, 5 மில்லிமீட்டர் இருக்கிற இந்தச் சின்னப் பொருளின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புரதம். பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அதாவது பாலைவிடப் பத்து மடங்கு புரதம் அடைத்த ஒரு பொருள் நம் கண்ணுக்குள் கண்ணாடிபோல் இருக்கிறது. வில்லையின் செல்கள் வளரும்போதே தங்கள் உட்கருவையும் மற்ற உறுப்புகளையும் கழித்துவிடுகின்றன. ஒளியைச் சிதறடிக்கக்கூடிய பெரிய சாமான் எதுவும் உள்ளே மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது கிரிஸ்டலின் என்கிற புரதங்கள் மட்டும். அவற்றில் பெரியதான ஆல்ஃபா கிரிஸ்டலின் 15 நானோமீட்டர் அளவு. சின்னதுதான். ஆனாலும் இத்தனை கோடித் துகள்கள் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஒளியைச் சிதறடித்தால், கணக்குப்படி வில்லை மங்கலாகத்தான் இருக்க வேண்டும். இல்லையே, ஏன்?

இந்த இடத்தில் நம் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. கே.எஸ். கிருஷ்ணன். 1898ல் வத்திராயிருப்பில் பிறந்தவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1928ல் கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து திரவங்களில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர் என்றுதான் அவரைப் பலருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது 1940களில் அவர் ஏ.பி. பாட்டியாவோடு செய்த வேலை. உருகிய உலோகத்தில் அணுக்கள் கலைந்து கிடக்கின்றன. அப்படியிருந்தும் மின்சாரம் அதில் நன்றாகவே ஓடுகிறது. எலெக்ட்ரானும் அலைதானே, ஏன் அது கண்டபடி சிதறிப்போவதில்லை? அவர்கள் சொன்ன விடை: திரவத்தில் நெடுந்தூர ஒழுங்கு இல்லாவிட்டாலும், ஒவ்வோர் அணுவுக்கும் பக்கத்து அணு எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அந்தக் குறுந்தொலைவு ஒழுங்கினால், ஒவ்வோர் அணுவும் சிதறடிக்கிற அலைகள் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. கிருஷ்ணன் இதைக் கண்ணுக்காகச் சொல்லவில்லை, உலோகத்துக்காகச் சொன்னார். ஆனால் கண்வில்லையின் புதிருக்கும் இதே வழியில்தான் விடை கிடைத்தது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற காலையை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் வைகை மணலில் ஆட்கள் அங்கங்கே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு இடத்தில் பத்துப் பேர், நாலடி தள்ளி ஒருவருமில்லை. மறுநாள் விடியற்காலையில் தோளோடு தோள் இடிக்கிற நெரிசல். பாலத்தின் மேலிருந்து பார்த்து எந்த ஒரு சதுரத்தில் தலைகளை எண்ணினாலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை, இருந்தும் நெரிசலே ஒரு சீரை உண்டாக்கிவிட்டது. ஒளியைச் சிதறடிப்பது துகள்களின் எண்ணிக்கையைவிட இந்த அடர்த்தி ஏற்றத்தாழ்வுதான். ஐன்ஸ்டைன் 1910லேயே திரவங்களுக்கு இதைக் கணக்காக எழுதிக் காட்டியிருந்தார். வில்லைக்குள் புரதங்கள் ஆற்றில் நிற்கிற கூட்டம்போல நெருங்கி நிற்பதால் ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை. 1962ல் ஸ்டீபன் டிரோக்கெல் இந்தப் பக்கம் கைகாட்டினார். 1971ல் ஜார்ஜ் பெனடெக் என்கிற இயற்பியலாளர், குறுந்தொலைவு ஒழுங்கே போதும், படிகம்போல் அடுக்கியிருக்க வேண்டியதில்லை என்று விளக்கினார். 1983ல் மிரே டெலாய், அன்னெட் டார்டியூ என்கிற பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவரும் அளந்தே காட்டிவிட்டார்கள். கிரிஸ்டலின் கரைசலின் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் மங்கல் கூடுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் மறுபடி தெளிய ஆரம்பிக்கிறது. நெருக்கம்தான் தெளிவு.

நெருக்கம் குலையாமல், ஆனால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யாமல் இருக்கிற வரைக்கும் பார்வை. ஒட்டத் தொடங்கினால் புரை. பெனடெக் அதே கட்டுரையில் இதையும் சொல்லியிருந்தார்: புரதங்கள் பெரிய திரள்களாகச் சேர்ந்தால் அந்தத் திரள்களே ஒளியைச் சிதறடிக்கும்.

ஒட்டுவதில் இரண்டு வகை உண்டு. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வெள்ளையாக உறைந்து நிற்கும், வெயிலில் வைத்தால் தெளிந்துவிடும். இளம் எலியின் கண்வில்லையைக் குளிர வைத்தால் அதுவும் இப்படியே வெள்ளையாகிறது, சூடு காட்டினால் தெளிகிறது. இதற்குக் குளிர்ப்புரை என்று பெயர். எண்ணெயில் நடப்பது உறைதல். வில்லையில் நடப்பது வேறு: புரதம் கூடுதலாக உள்ள துளிகளும் குறைவாக உள்ள பகுதிகளுமாக ஒரே திரவம் இரண்டாகப் பிரிகிறது. 1977ல் டொயோய்ச்சி தனகாவும் கூட இருந்தவர்களும் இது இரு திரவக் கலவைகளில் இயற்பியலாளர்கள் பார்த்துப் பழகிய அதே நிலைமாற்றம்தான் என்று காட்டினார்கள். ஒரு நோயை, தண்ணீர் ஆவியாவதுபோல ஒரு நிலைமாற்றமாகப் பார்க்க முடியும் என்பது அப்போது புதிய பார்வை.

வயதானவர்களுக்கு வருகிற புரை பெரும்பாலும் இரண்டாவது வகை. முட்டையின் வெள்ளைக்கருவைச் சட்டியில் ஊற்றினால் வெள்ளையாகும், ஆறவைத்தால் பழைய தெளிவு வராது. புரத மூலக்கூறு மடிப்புக் குலைந்து பக்கத்து மூலக்கூறோடு பின்னிக்கொண்டுவிட்டது. கண்வில்லையின் நடுப்பகுதியில் உள்ள புரதங்கள் நாம் பிறப்பதற்கு முன்பே உண்டானவை. அவற்றை உடம்பு மாற்றிப் போடுவதில்லை. எழுபது வயதில் பார்க்கிறவர் எழுபது வருஷம் பழைய புரதத்தின் வழியாகத்தான் பார்க்கிறார். குலைகிற மூலக்கூறுகளை ஆல்ஃபா கிரிஸ்டலின் தாங்கிப் பிடித்து ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்று 1992ல் ஜோசப் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். அந்தக் காவலும் ஒரு நாள் தீர்ந்துபோகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், சர்க்கரை நோய், புகைபிடித்தல், நாள்பட்ட ஸ்டீராய்டு மருந்து எல்லாம் அந்த நாளை முன்னுக்குக் கொண்டுவருகின்றன. கரிசல் காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவர்களுக்கு முதலாவதைத் தவிர்க்க வழி ஏது?

ஆக, "முத்துவது" என்று நம் ஆட்கள் சொன்னது வெறும் பேச்சு இல்லை. நடுப்பகுதி நாளாக நாளாக மஞ்சளாகி, பழுப்பாகி, கெட்டிப்படுகிறது. முற்றிய புரையின் நடுக்கருவை எடுத்துத் தட்டில் வைத்தால் நனைத்த புளியங்கொட்டைபோல இருக்கும். விரலால் நசுங்காது.

சொட்டு மருந்தில் புரை கரையும் என்று விற்கிறவர்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2015ல் லானோஸ்டெரால் என்கிற பொருள் புரதத் திரளைக் கலைக்கிறது என்று ஒரு முக்கியமான ஆய்வு வந்தது, உலகமே பேசியது. அப்புறம் ஆபரேஷனில் எடுத்த மனிதப் புரைக் கருக்களை அதில் ஊறவைத்துப் பார்த்தபோது அவை தெளியவில்லை. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டை ஆக்குவது அவ்வளவு கஷ்டம். இன்றைக்கு வயதுப் புரைக்கு வழி ஆபரேஷன் ஒன்றுதான். சொட்டு மருந்துக்கு நம்பிக் கொடுக்கிற காசும் நாளும் வீண்.

இப்போது அந்தப் பழைய யோசனைக்கு வருவோம். 1970கள், 80களில் நம் ஊர் முகாம்களில் நடந்த ஆபரேஷனில் வில்லையை அதன் உறையோடு சேர்த்து முழுசாக எடுத்துவிடுவார்கள். கருவிழியின் ஓரமாகப் பாதி வட்டம் அளவுக்குப் பெரிய கீறல். எடுத்த வில்லைக்கு மாற்றாக உள்ளே எதுவும் கிடையாது. வெளியே தடிமனான கண்ணாடி, ஏறக்குறைய +10 பவர். சோடாபுட்டி கண்ணாடி என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் பண்ணுவோமே, அதேதான். அது பொருள்களை நாலில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகக் காட்டும், ஓரங்களை வளைக்கும், பக்கவாட்டில் ஒரு குருட்டு வளையத்தை உண்டாக்கும். ஒரு கண்ணில் ஆபரேஷன், இன்னொரு கண் ஓரளவு நல்லாயிருக்கிறது என்றால் ஒரு கண் காட்டுகிற மாடும் இன்னொரு கண் காட்டுகிற மாடும் ஒரே அளவில் இருக்காது, மூளையால் இரண்டையும் சேர்க்க முடியாது. அதனால் இரண்டு கண்ணும் நன்றாக மங்கின பிறகு எடுப்பதே லாபம். பாதிப் பார்வை இருக்கிறவருக்கு இதைச் செய்தால் இருந்ததும் கெட்டது என்று தோன்றும். இதுதான் "முத்தட்டும்" என்பதன் காரணம். அந்தக் கண்ணாடி வரப்பில் விழுந்து உடைந்தால் மறுபடி குருடு. புதுக் கண்ணாடிக்கு மதுரை போக வேண்டும்.

அந்தக் காரணத்தை முறித்தது ஒரு பிளாஸ்டிக். இரண்டாம் உலகப் போரில் குண்டடி பட்ட பிரிட்டிஷ் போர் விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் அக்ரிலிக் துண்டுகள் சிக்கியிருந்தன. கண் அவற்றை எதிர்க்காமல் சும்மா இருப்பதைக் கவனித்தவர் ஹரால்டு ரிட்லி. 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே பொருளால் செய்த லென்ஸை ஒருவர் கண்ணுக்குள் வைத்தார். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. கடைப் பெயர்ப்பலகைக்கு வெட்டுகிற அக்ரிலிக் ஷீட்டும் இந்தக் குடும்பம்தான். இது படிகம் கிடையாது. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கலைந்தபடியே உறைந்து நிற்கிற கண்ணாடி நிலை. உள்ளே எல்லையோ மடிப்போ கிடையாது, எங்கும் ஒரே சீர், ஆகவே ஒளி இடறுவதில்லை. இயற்கை வில்லை நெருக்கத்தால் சாதித்ததை இது உறைதலால் சாதிக்கிறது.

ஒரு சிக்கல் இருந்தது. பி.எம்.எம்.ஏ. சுமார் 105 டிகிரி செல்சியஸில் கண்ணாடி நிலையை விட்டு இளகத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் கிருமி நீக்கும் நீராவிப் பானை 121 டிகிரி. உள்ளே வைத்தால் லென்ஸின் வளைவே போய்விடும். ரிட்லி ரசாயனக் கரைசலில் ஊறவைத்தார். லென்ஸில் தங்கிய அந்த ரசாயனமே சில கண்களில் அழற்சியை உண்டாக்கியது. எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்கும் முறை பிற்பாடு வந்தது. ஒரு பொருளின் இளகு வெப்பநிலை என்கிற எண் நோயாளியின் கண் சிவப்பதைத் தீர்மானிக்கிறது என்பதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அதிலேயே நின்றுவிட்டேன்.

மதுரைக்கு வருவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன நிலையிலும் வாழ்நாளில் லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர். அரசுப் பணியில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்திய அவர், 58 வயதில் ஓய்வு பெற்றதும் 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1980களில் பணமுள்ள நாடுகள் முழுக்க லென்ஸுக்கு மாறிவிட்டன. இங்கே ஒரு லென்ஸ் 100 டாலருக்கு மேல். ஏழை நாடுகளுக்கு லென்ஸ் ஆடம்பரம், அவர்களுக்குப் பழைய ஆபரேஷனும் கண்ணாடியும் போதும் என்பதுதான் அப்போது பல நிபுணர்களின் கருத்து. நேர்மையாகச் சொன்னால் அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கையிலிருக்கிற காசுக்கு எத்தனை பேருக்குப் பார்வை தரலாம் என்ற கணக்கு அது. ஆனால் யாருடைய கண்ணுக்கு எது போதும் என்பதை அந்தக் கண்ணுக்கு உரியவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

மதுரை இரண்டு வேலை செய்தது. முதலாவது, 1992ல் ஆரோலேப் என்கிற அரவிந்தின் தொழிற்சாலையை ஆரம்பித்து லென்ஸை இங்கேயே செய்யத் தொடங்கியது. பி.எம்.எம்.ஏ. வில்லையைக் கடைசல் எந்திரத்தில் கடைந்து, பல மணி நேரம் உருட்டிப் பளபளப்பாக்கி, வாயுவில் கிருமி நீக்கி, ஆரம்பத்தில் 10 டாலர் அளவுக்கு விலையைக் கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து லென்ஸ் போகிறது.

இரண்டாவது வேலை ஓர் ஆய்வு. நம் ஊரில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். மதுரை லென்ஸ் ஆய்வு என்று மருத்துவ உலகில் பெயர் பெற்றது அது. இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை முடங்கிய, 40 முதல் 75 வயது வரை உள்ள 3,400 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குப் பழைய ஆபரேஷனும் சோடாபுட்டி கண்ணாடியும், பாதிப் பேருக்கு லென்ஸ் வைத்த ஆபரேஷன். ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்து 1998ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையை மட்டும் வைத்துப் பார்த்தால், சரியான கண்ணாடி போட்ட நிலையில் இரண்டு தரப்பிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நன்றாகவே பார்த்தார்கள். லென்ஸ் தரப்பு கொஞ்சம் முன்னே இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் "பழையது போதும்" என்பவர்கள் கட்சி பலத்திருக்கும்.

அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. தென்னிந்தியக் கிராமத்து ஆட்களுக்குப் பொருந்துகிற மாதிரி கேள்வித்தாள்களை முன்பே தயார் செய்து சோதித்து வைத்திருந்தார்கள். எழுத்தே படிக்கத் தெரியாதவரிடம் பேப்பர் படிக்க முடிகிறதா என்று கேட்டு என்ன பயன்? தூரத்தில் வருகிறவர் யார் என்று தெரிகிறதா, வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் கண் பழகுகிறதா, தானே குளித்துச் சாப்பிட்டு வேலைக்குப் போக முடிகிறதா என்பதுபோல வாழ்க்கையைத் தொட்டுக் கேட்டார்கள். அங்கேதான் லென்ஸ் வைத்தவர்கள் தெளிவாக முன்னே வந்தார்கள். எழுத்துப் பலகை அளப்பது ஒரு புள்ளியின் கூர்மையை. வரப்பில் நடக்க வேண்டியது முழு ஆள். என்னைக் கேட்டால், இந்தக் கேள்வித்தாளும் லென்ஸ் அளவுக்கே பெரிய கண்டுபிடிப்புதான்.

அரசுத் திட்டமும் அதே காலத்தில் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. 1994ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய புரை ஒழிப்புத் திட்டத்தில் இருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. லென்ஸ் வந்ததும் கணக்கு தலைகீழானது. லென்ஸ் வைத்த கண் மற்றக் கண்ணோடு சேர்ந்து வேலை செய்யும், படத்தின் அளவு மாறாது. ஆகவே ஒரு கண்ணில் மங்கல் தொடங்கி அன்றாட வேலைக்கு இடைஞ்சல் வந்ததுமே செய்துகொள்ளலாம். காத்திருக்க இருந்த காரணம் அன்றோடு தீர்ந்தது.

இன்னும் சொல்லப்போனால் காத்திருப்பது இப்போது நஷ்டம். முற்றின புரை கெட்டி. புரையை உடைத்து உறிஞ்சுகிற முறையில், அழுத்தமின் படிகங்கள் (மின்சாரம் கொடுத்தால் சுருங்கி விரிபவை) வினாடிக்குப் பல்லாயிரம் தடவை துடித்து ஒரு டைட்டானிய ஊசியை ஆட்டுகின்றன. கரு கெட்டியாக இருந்தால் அதிக நேரம், அதிக சக்தி செலவிட வேண்டும். அந்தச் சக்தி கருவிழியின் உட்புறச் செல்களைத் தாக்கும், அந்தச் செல்கள் மறுபடி முளைக்காதவை. கைமுறையாகச் சின்னக் கீறல் போட்டுத் தையலில்லாமல் செய்கிற ஆபரேஷனில் கெட்டிப் புரையை எடுக்க முடியும், நம் பக்கம் முகாமில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான். மிதமிஞ்சி முற்றிவிட்டால் வில்லை ஊதிக் கண்ணுக்குள் ஓடுகிற நீரின் வழியை அடைக்கும், அல்லது புரதம் கசிந்து அந்த நீர் வெளியேறுகிற வடிகாலை அடைக்கும். கண்ணழுத்தம் ஏறி, வலியோடு நரம்பே போய்விடும். அதற்கு அப்புறம் எந்த லென்ஸும் உதவாது.

கீறலின் அளவிலும் அந்த இளகு வெப்பநிலைதான் விளையாடுகிறது. பி.எம்.எம்.ஏ. லென்ஸ் உடம்புச் சூட்டில் விறைப்பானது, அதை மடிக்க முடியாது, 5, 6 மில்லிமீட்டர் வழி வேண்டும். அறைச் சூட்டுக்குக் கிட்டத்திலேயே இளகுகிற அக்ரிலிக் வகைகளைச் சுருட்டி 2, 3 மில்லிமீட்டர் துளை வழியே உள்ளே விட்டால், உடம்புச் சூட்டில் மெதுவாக விரிந்து உட்காரும். தண்ணீரை உறிஞ்சிப் பிசின்போல மிருதுவாகிற வகையும் உண்டு. அந்த ஜிகர்தண்டா டம்ளரின் அடியில் கிடந்தது இதற்குத் தூரத்துச் சொந்தம்.

எல்லாம் சரி, ஆள் வர வேண்டுமே? 1990களில் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் எடுத்த ஓர் ஆய்வு, கண் குறை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் இலவச முகாமுக்கே வந்தார்கள் என்று காட்டியது. 1999ல் அது வெளியானது. இலவசமாகக் கொடுத்தும் நூற்றில் 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பயம், செலவு, குடும்பப் பொறுப்பு என்று காரணங்கள். ஆபரேஷன் இலவசம்தான், கூட வருகிறவரின் கூலி இலவசம் இல்லையே. பெண்களுக்கு இது இன்னும் கடினம். உலகம் முழுக்கவே புரையால் பார்வை இழப்பவர்களில் பெண்கள் அதிகம், ஆபரேஷன் கிடைப்பதில் பின்தங்கியிருப்பவர்களும் அவர்கள்தான். இந்த 7 சதவீதத்தைப் பார்த்துதான் முகாமுக்காகக் காத்திராமல் ஊருக்குப் பக்கத்திலேயே நிரந்தரக் கண் மையம் வேண்டும் என்ற யோசனை வலுத்தது. 2000களின் நடுவில் தேனிப் பக்கம் இருந்த மையங்களைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் நெடுந்தூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள். டாக்டர் தேனியில் இருந்தபடியே கிராமத்து நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

எங்கள் அப்பத்தா விஷயத்தில், "முத்த வேண்டியதில்லை, முத்தினால் ஆபத்து" என்று புரிய வைக்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. புரிந்த பிறகும் மூன்று மாதம் ஆனது. ஒன்பது ஆடு இருந்தது, இரண்டு சினை. "ஆட்ட யாருப்பா பாக்கிறது?" என்றது. பக்கத்து வீட்டு மதினி பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டு, ஆடுகளும் குட்டி போட்ட பிறகுதான் பஸ் ஏறினோம். வலது கண்தான் முதலில். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அப்பத்தா அதை மடித்து வெற்றிலை வைக்கிற சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து அதை வெளியே எடுத்து, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, "இதுல என்னமோ நம்பர் போட்டிருக்கு, இருவத்தொண்ணா?" என்று கேட்டது. வாங்கிப் பார்த்தேன். பி.எம்.எம்.ஏ., +21.0 என்று இருந்தது.